சோஃபியா ஓவியக் காட்சியகத்தில் நாற்பத்தேழு நிமிடம்

2007 பிப்ரவரி கடைசியில் கிளம்பி, பல்கேரியாவின் தலைநகரமான சோஃபியாவில் ஒன்பது நாள் இருந்துவிட்டு வந்தேன். சுற்றிப் பார்க்கப் போகவில்லை. ஓசூரில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலை அங்கிருந்து ஒரு லேத் வாங்கியது. அதை ஓட்டிப் பார்த்து ஒப்புதல் கொடுத்துவர என்னை அனுப்பினார்கள். அந்தப் பக்கம் போகும் திட்டத்தில் இருக்கும் இரண்டு நண்பர்கள் பயணக் குறிப்பு எழுதச் சொல்லி ஆறு மாதமாக நச்சரிக்கிறார்கள். தள்ளிப்போட்டதற்குக் காரணம் சோம்பல் இல்லை, வெட்கம்தான்.

என் வேலையைச் சொல்லாவிட்டால் மீதி புரியாது. நான் டைம் ஸ்டடி எடுப்பவன். கையில் ஸ்டாப் வாட்ச், நோட்டு. ஒருவர் பக்கத்தில் நின்று, எத்தனை நிமிடம் வேலை செய்கிறார், எத்தனை நிமிடம் சும்மா இருக்கிறார் என்று குறிப்பேன். கிளம்புவதற்கு முந்தின வாரம் பாகலூர் முனிரத்தினத்தைக் குறித்தேன். மெஷின் வரிசைக்கு நடுவில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவர், பதினெட்டு வருட சர்வீஸ். ஒரு மணி நேரத்தில் ஐம்பத்திரண்டு நிமிடம் உட்கார்ந்திருந்தார். ‘இந்த இடத்துக்கு ஆள் தேவையில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் பெட்டி கட்டினேன்.

ஓசூர் மூக்கண்டப்பள்ளியிலிருந்து பெங்களூரின் அப்போதைய விமான நிலையம் முப்பத்தைந்து கிலோமீட்டர், டாக்சிக்கு 700 ரூபாய். அத்திப்பள்ளி செக்போஸ்ட்டில் மட்டும் நாற்பது நிமிடம் நின்றோம். டிரைவர் கன்னடத்தில் ஒரு முறையும் தெலுங்கில் ஒரு முறையும் லாரிக்காரர்களைத் திட்டினார், தமிழில் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். பிராங்க்பர்ட்டில் நான்கு மணி நேரம் காத்திருந்து விமானம் மாறினால் சோஃபியா. உறைபனி. உள்ளே போட்டுக்கொள்ள கம்பளி பனியன் கட்டாயம் எடுத்துப் போங்கள்.

சின்ன நகரம்தான், ஆனால் கலைக்குப் பஞ்சமில்லை. டிராமில் 70 ஸ்டோடின்கி கொடுத்தால் ஓபரா அரங்கம், பொம்மலாட்ட அரங்கம், திறந்தவெளிப் புத்தகக் கடைகள் எல்லாவற்றுக்கும் போய்விடலாம். (நூறு ஸ்டோடின்கி ஒரு லெவா, லெவா அப்போது ஏறக்குறைய முப்பது ரூபாய்.) ஒரு சாயங்காலம் கச்சேரிக்குப் போனேன், டிக்கெட் 10 லெவா. ஏழு மணி என்றால் ஏழு மணி. மேல்கோட்டைக் கழற்றி வாசலில் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொள்ள வேண்டும். பக்கத்து இருக்கையில் ஒரு பஸ் டிரைவர், சீருடையோடு வந்திருந்தார். கூட வந்த ஸ்டோயன், லேத் கம்பெனி இன்ஜினியர், உங்கள் ஊரில் எத்தனை அரங்கம் என்று கேட்டார். இத்தனை தொழிற்சாலை உள்ள ஊரில் எனக்குத் தெரிந்தது கல்யாண மண்டபங்கள்தான். பேச்சை மாற்றிவிட்டேன்.

மார்ச் ஒன்றாம் தேதி, வியாழக்கிழமை. ஒரு மின்சாரப் பாகம் வரத் தாமதமானதால் அரை நாள் ஓய்வு. ஸ்டோயன் என்னை ஓவியக் காட்சியகத்துக்குக் கூட்டிப்போனார். பழைய அரண்மனை, நுழைவு 4 லெவா. ஒவ்வொரு அறையிலும் மூலையில் ஒரு நாற்காலி, அதில் ஒரு பெண்மணி. நாங்கள் நின்ற அறையில் இருந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும், பெயர் எலேனா. எனக்குக் கை அரித்தது. அறுப்பு வயல் ஓவியம் ஒன்றின் முன்னால் நின்றுகொண்டு, ஓவியத்தைப் பார்க்காமல் அவரைக் குறிக்க ஆரம்பித்தேன். ஓரக்கண்ணால்தான். நாற்பத்தேழு நிமிடத்தில் இரண்டே தடவை எழுந்தார். நம் ஊர் நோட்டு, நம் ஊர் பழக்கம். ஆறாயிரம் கிலோமீட்டர் தாண்டி வந்தும் விடவில்லை.

மூன்றாவது தடவை எழுந்தபோது நேராக என்னிடம் வந்தார். நோட்டைக் காட்டச் சொன்னார். தமிழ் எழுத்தும் நேரக் கணக்கும் வரிசையாக இருந்தன. அவர் முகம் மலர்ந்துவிட்டது. ஸ்டோயன் மொழிபெயர்த்துச் சொன்னார்:

“எல்லாரும் ஒரு படத்துக்கு அரை நிமிஷம் நிற்பாங்களாம். நீங்க இவ்வளவு நேரம் பார்த்து, நிமிஷக் கணக்கோட எழுதியிருக்கீங்களாம். இத்தனை வருஷத்துல இவங்க பார்த்ததே இல்லையாம்.”

நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

எலேனா எங்களை ஒரு மூலைக்கு அழைத்துப்போய், ஓர் ஓவியத்தின் கீழ் விளிம்பைக் காட்டினார். சென்ற குளிர்காலத்தில் அந்தச் சுவரில் ஈரம் ஏறி, ஓவியத் துணி லேசாக உப்பியதாம். தினமும் உட்கார்ந்து பார்ப்பவர் என்பதால் அவர் கண்ணில்தான் பட்டது. அன்றே கழற்றிக் காப்பாற்றியிருக்கிறார்கள். பிறகு பையிலிருந்து சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய நூல் ஒன்றை எடுத்து என் மணிக்கட்டில் கட்டினார். மார்ச் ஒன்றாம் தேதி வேண்டியவர்களுக்குக் கட்டுவது அங்கே வழக்கம். பூத்த மரத்தைப் பார்க்கும்வரை அவிழ்க்கக் கூடாது, பார்த்ததும் அதன் கிளையில் கட்டிவிட வேண்டும்.

திரும்பி வந்த திங்கட்கிழமை ஸ்டூல் காலியாக இருந்தது. முனிரத்தினத்தை லோடிங்குக்கு மாற்றியிருந்தார்கள். அந்த ஒரு வாரத்தில் இரண்டு மெஷினில் டூல் உடைந்ததாக சூப்பர்வைசர் சொன்னார். மெஷின் சத்தம் மாறினால் முனிரத்தினம் எழுந்துபோய் நிறுத்திவிடுவாராம். எதற்காக உட்கார்ந்திருக்கிறார் என்று நான் அவரைக் கேட்கவே இல்லை, குறித்ததோடு சரி. மேனேஜரிடம் போய்த் திரும்பப் போடச் சொன்னேன். அறிக்கையை எடுத்து என் கையெழுத்தை எனக்கே காட்டினார்.

மத்தியானம் லோடிங் பக்கம் போனேன். அட்டைப்பெட்டியை இறக்கிவைத்துவிட்டு முனிரத்தினம் என் கையைப் பார்த்தார்.

“என்னா சார், கையில கயிறு கட்டினு வந்துக்கறீங்க? எந்தக் கோயிலு?”

“கோயில் இல்லீங்க. அந்த ஊர்ல ஒரு அம்மா கட்டினாங்க. அவங்க இடத்துல நின்னு நான் ஏதோ எழுதினேன்னு சந்தோஷம்.”

“என்னப் பத்தியுந்தான் எழுதுனீங்க சார்,” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அடுத்த பெட்டியைத் தூக்கத் திரும்பிவிட்டார்.

கம்பெனி கேட்டுக்கு வெளியே புங்க மரம் பூத்துக் கொட்டிவிட்டது. நூலை அதில் கட்ட மனம் வரவில்லை, அவிழ்த்து அந்த நோட்டுக்குள் வைத்திருக்கிறேன்.

போகிறவர்களுக்கு: காட்சியகம் திங்கட்கிழமை விடுமுறை. காலை பத்து மணிக்கே போனால் கூட்டம் இருக்காது, இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். டிராம் டிக்கெட்டை உள்ளே ஏறியதும் துளையிட மறக்காதீர்கள், அபராதம் உண்டு. அறை மூலையில் நாற்காலியில் இருப்பவருக்கு ஒரு வணக்கம் சொல்லுங்கள். நோட்டை எடுத்தால், எழுதியதை அவரிடமே படித்துக் காட்ட முடியுமா என்று ஒரு தடவை யோசித்துவிட்டு எழுதுங்கள். என்னால் இரண்டு பேரிடமும் முடியவில்லை.