மூடி போட்ட வண்டியில் குற்றாலத்துக்குச் சீர்

வீரகேரளம்புதூரிலிருந்து காலை ஒன்பதரைக்குப் புறப்பட வேண்டிய வண்டி, பத்தேகால் ஆகியும் எங்கள் வீட்டு வாசலிலேயே நின்றது. உள்ளே ஏற்ற வேண்டியதையெல்லாம் ஏற்றியாயிற்று. அண்ணன் முருகையா பின்பக்கத் தகர மூடியை இறக்கித் தாழ்ப்பாளும் போட்டுவிட்டான். அப்பாதான் ஏறாமல், வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"இதென்னலே, உள்ள என்ன இருக்குன்னு ஒரு மனுசனுக்குத் தெரியாது போலிருக்கே?"

"அதுக்குத்தானப்பா மூடி."

"மூடி மறைச்சுக் கொண்டு போக இது என்ன திருட்டுச் சாமானா? சீருலே. எம் பிள்ளைக்குச் சீர் கொண்டு போறேன்."

முந்தின நாள்தான் அக்கா சங்கரிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு குற்றாலம். பெண்ணும் மாப்பிள்ளையும் விடியும் முன்பே காரில் போய்விட்டார்கள். பீரோ தென்காசிக் கடையிலிருந்தே நேராகப் போய்ச் சேர்ந்துவிட்டது. மிச்சமிருந்த பாத்திரங்கள், குத்துவிளக்கு, இரண்டு இலவம்பஞ்சு மெத்தை, நான்கு தலையணை எல்லாவற்றையும் அண்ணனின் பழைய பிக்கப் வண்டியில் நாங்கள் கொண்டு போக வேண்டும். எங்கள் பக்கத்தில் சீர் வண்டி போனால் தெருவே பார்க்கும். பார்க்க வேண்டும் என்றுதான் மெதுவாகவே போகும். எத்தனை குடம், எவ்வளவு பெரிய அண்டா, மெத்தை ஒற்றையா இரட்டையா என்று வாசலில் நிற்கிற பெண்கள் எண்ணிவிடுவார்கள். எண்ணப்படாத சீர் கொடுக்காத சீர் மாதிரிதான். அப்பாவின் கவலை அது.

எங்கள் கவலை வேறு. ஆனி மாதம், குற்றாலத்தில் சாரல். இலவம்பஞ்சில் தண்ணீர் இறங்கினால் அவ்வளவுதான், அந்த மெத்தையில் பிறகு நாய்கூடப் படுக்காது. முந்தின வருடம் இலஞ்சிக்கு ஒரு வீட்டுச் சீரை அண்ணன் தார்ப்பாய் கட்டித்தான் கொண்டு போனான். தார்ப்பாயின் நடுவில் குளம் போலத் தேங்கிய தண்ணீர், ஒரு வளைவில் மொத்தமாக மெத்தைக்குள் சரிந்தது. அந்தப் பெண் புகுந்த வீட்டில் முதல் வாரம் முழுக்க ஈரமெத்தைப் பேச்சு கேட்டாளாம். அதிலிருந்து ஒருவரும் சீருக்கு அண்ணனைக் கூப்பிடவில்லை. இப்போது சொந்தத் தங்கச்சியின் சீர்.

மூடி என்னுடைய யோசனை. பாளையங்கோட்டையில் பெண்கள் கல்லூரியில் பி.எஸ்ஸி. இரண்டாம் வருடம் படிக்கிறேன். கல்லூரி நூலகத்தில் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையில், பின்பக்கம் முழுக்கக் கெட்டியான மூடி போட்ட பிக்கப் வண்டியின் படத்தைப் பார்த்தேன். விடுமுறைக்கு வந்ததும் அண்ணனிடம் வரைந்து காட்டினேன். அவனுக்குக் கடையநல்லூரில் ஒரு சிநேகிதர், துபாயிலிருந்து லீவில் வந்திருந்தார். "அங்கன பாதி வண்டிக்கு இப்படித்தாம்டே இருக்கும்" என்று அவர் சொன்ன பிறகுதான் என் படத்துக்கு மதிப்பு வந்தது.

எதில் செய்வது என்று ஒரு வாரம் சண்டை. அண்ணன் பிளைவுட் என்றான். மலிவு, எடை குறைவு. சாரலில் ஊறி அப்பளம் மாதிரி உப்பிவிடும் என்றேன் நான். அலுமினியத் தகடு என்று நான் சொன்னதற்கு, விலையைக் கேட்டுவிட்டு வா என்றான். கேட்டு வந்தேன், அதற்குப் பிறகு அலுமினியத்தைப் பற்றி நான் பேசவில்லை. கடைசியில் தென்காசிப் பட்டறை ஒன்றில் இரும்புச் சட்டம் அடித்து, மேலே தகடு வைத்து வெல்டிங் செய்தோம். அறுநூற்றைம்பது ரூபாய். கேபின் பக்கம் கீல், பின்பக்கம் தாழ்ப்பாள், தண்ணீர் வடிய நாலு விரல் சரிவு. ஓரத்தில் சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டியது என் கைவேலை. குடம் குடமாக ஊற்றிப் பார்த்தோம். ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. நான் குதித்தேன்.

பிறகுதான் அதனோடு வாழத் தொடங்கினோம். சுரண்டைச் சந்தைக்குக் கூடையோடு பின்னால் நின்றுகொண்டு வந்த பெண்கள் நிற்க இடமில்லாமல் போனார்கள். "ஏ முருகையா, இந்தச் சவத்த எதுக்குப் போட்ட? நாங்க என்ன அதுக்குள்ள படுத்துக்கிட்டா வரணும்?" என்று கேட்டுவிட்டு, மூடியின் மேலேயே ஏறி உட்கார்ந்தார்கள். ஏற்றின வெங்காயம் உள்ளே வெந்து நாறியது. அதன் பிறகு வெயில் காலத்தில் மூடியைக் கொஞ்சம் தூக்கி ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்துவிடுவது வழக்கமாயிற்று. வண்டி நிற்கிற நேரத்தில் பக்கத்து வீட்டு வத்தல் அதன் மேல் காயும். இரவில் ஆடு ஏறிப் படுக்கும். மழை பெய்தால் கேபினுக்குள் பேச்சு கேட்காது. அண்ணன் ஒரு நாள் மூடியைத் திட்டுவான், மறுநாள் துடைத்து வைப்பான்.

அப்பா ஒரு வழியாக ஏறினார். நான் நடுவில். மெத்தைகளை முந்தின நாள் முழுக்கவும் அன்று காலையும் மொட்டை மாடியில் வெயிலில் போட்டுத் தட்டியிருந்தோம். சூட்டோடு மடித்துக் கேபின் பக்கம் அடுக்கி, பாத்திரங்களைச் சாக்கில் சுற்றிப் பின்பக்கம் வைத்திருந்தோம். எங்கள் ஊரில் அன்று மேகம் என்பதற்கு அடையாளம்கூட இல்லை.

சுரண்டை தாண்டி, சுந்தரபாண்டியபுரம் வரும்போது பதினொரு மணி இருக்கும். வயல்களுக்கு அந்தப் பக்கம் மலை தெரிய வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒன்றுமில்லாமல் இருந்தது. காற்று மாறியது. வெக்கை இருந்த ஜன்னலில் கை வைத்தால் சில்லென்றது. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குள் இப்படி வேறு ஊராக, வேறு மாதமாக மாறுகிற பாதை வேறெங்காவது இருக்குமா என்று எனக்குத் தெரியாது. தென்காசிக்குள் நுழையும்போது தூறல் விழ ஆரம்பித்தது. மூடியின் மேல் பொரி வறுபடுகிற சத்தம்.

"நிறுத்துலே" என்றார் அப்பா. "குற்றாலம் இன்னும் அஞ்சு கிலோமீட்டர்தான். மூடியத் திறந்து வச்சிட்டுப் போவோம்."

"அப்பா, மழைல்லா பெய்யுது!"

"தூத்தல்தான. செத்த நேரம். அவிய தெருவுக்குள்ள நுழையும்போது நாலு பேர் பாக்கணும். மூடிக்கிட்டுப் போனா, ஒண்ணுமில்லாம வந்திருக்கானுவன்னு சொல்லுவாவ."

"திறந்துக்கிட்டுப் போனா, ஈரமெத்தை கொண்டாந்தானுவன்னு சொல்லுவாவ. எனக்கு அந்தப் பேரு ஏற்கெனவே இருக்கு" என்றான் அண்ணன்.

அண்ணன் வண்டியை ஓரம் கட்டினான். இரண்டு பேருக்கும் நடுவில் நான். அப்பா சொல்வது பழைய வழக்கம், அண்ணன் சொல்வது நியாயம் என்று எனக்குச் சுலபமாகத் தோன்றியது. ஆனால் அப்பாவைப் பார்த்த பிறகு அவ்வளவு சுலபமாக இல்லை. இந்தப் பாத்திரங்களை அவர் ஒவ்வொன்றாக ஐந்து வருடமாக வாங்கி வைத்தவர்.

"அண்ணே, வெண்கலம் நனைஞ்சா என்ன?" என்றேன்.

"என்னட்டி?"

"நனைஞ்சா கெட்டுப்போறது மெத்தைதான. பாத்திரத்த மூடிக்கு மேல வைப்போம். ஊரே பாக்கட்டும். மெத்த உள்ள கிடக்கட்டும்."

ஒரு மரக்கடை வாசலில் பெரிய தகரக் கூரை இருந்தது. கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு வண்டியை அதன் கீழே விட்டோம். பாத்திரங்களை எடுத்துவிட்டு மூடியை அடைத்து, மேலே அண்டாவை நடுவில் வைத்து, இந்தப் பக்கம் மூன்று எவர்சில்வர் குடம், அந்தப் பக்கம் மூன்று, முன்னால் குத்துவிளக்கு, பானைகள், தாம்பாளங்கள் என்று கயிறு போட்டுக் கட்டினோம். கட்டும்போது அப்பாவுக்கு இருபது வயது குறைந்துவிட்டது. "விளக்க இன்னும் முன்னால தள்ளு. அண்டா வாயில பேரு வெட்டியிருக்குல்லா, அது வெளிய தெரியணும்." மரக்கடை ஆட்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். ஒருவர், "சாமி புறப்பாடு மாதிரி இருக்கு அண்ணாச்சி" என்றார். அப்பா அவருக்கு வெற்றிலை கொடுத்தார்.

குற்றாலம் போகிற வழியெல்லாம் மரங்கள் இருபக்கமும் கவிந்து, அதிலிருந்து சாரலை விடப் பெரிய துளிகள் விழுந்தன. தலையில் துண்டும் உடம்பெல்லாம் எண்ணெயுமாகக் குளிக்கப் போகிற ஆட்கள் நின்று பார்த்தார்கள். மழையில் கழுவப்பட்ட வெண்கலம் அன்று மின்னியது போல் கடையில்கூட மின்னியிருக்காது. அப்பா ஜன்னலில் தலையை நீட்டி நனைந்துகொண்டே வந்தார். அருவிச் சத்தம் கேட்கும் முன்பே கேபினுக்குள் அருவியின் ஈரம் வந்துவிட்டது.

மாப்பிள்ளை வீடு கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தெருவில். பெண்கள் வாசலுக்கு வந்தார்கள். எண்ணினார்கள். "ஆறு குடம்", "அண்டா பெருசுதான்" என்று காதில் விழுந்தது. பாத்திரங்கள் ஒவ்வொன்றாக இறங்கி உள்ளே போயின. பிறகு அந்தக் கேள்வி.

"மெத்தை எங்க? மெத்தை இல்லையா?"

"உள்ள இருக்கு. ரெட்டை மெத்தை" என்றார் அப்பா, தெருமுனை வரை கேட்கும்படி.

அண்ணன் தாழ்ப்பாளை இழுத்தான். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தான். அப்போதுதான் பார்த்தேன்: அண்டாவின் கனத்தில் தகடு நடுவில் உள்வாங்கி, ஓரம் வளைந்து, தாழ்ப்பாளைக் கவ்விப் பிடித்திருந்தது. தண்ணீரைப் பற்றி யோசித்த நான் எடையைப் பற்றி யோசிக்கவில்லை.

"என்ன மயினி, சாவிய ஊர்லயே வச்சிட்டு வந்துட்டாவளா?" என்று பக்கத்தில் நின்றவளிடம் ஒருத்தி கேட்டாள்.

"உள்ள மெத்த இருந்தால்லா திறக்கும்" என்றாள் இன்னொருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். கல்யாண வீட்டுக் கேலிதான், விஷமில்லை. ஆனால் அப்பா சிரிக்கவில்லை. உள்ளே நடையில் அக்கா புதுப்புடவையில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் தாழ்ப்பாளைப் பார்த்தேன்.

எதிர் வாசலில் உடம்புக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறவர் ஒருவர், ஆளில்லாமல் பீடி குடித்துக்கொண்டிருந்தார். குப்பியோடு எழுந்து வந்தார்.

"தள்ளுங்க தம்பி. குத்தாலத்துல வந்து எண்ணெய்க்கா பஞ்சம்? ஒங்க வண்டிக்கும் வாயு பிடிச்சிருக்கு."

அரைக் குப்பியைத் தாழ்ப்பாளில் ஊற்றித் தட்டினார். அண்ணன் மூடியின் ஓரத்துக்குக் கீழே தோளைக் கொடுத்து மேலே நெம்ப, அவர் இழுக்க, டப்பென்று விட்டது. மூடி எழுந்தது. எங்கள் முகத்தில் அனலாக ஒரு காற்று அடித்தது. பஞ்சும் வெயிலும் கலந்த வாசனை.

மாப்பிள்ளையின் அம்மா முன்னால் வந்தார். அதுவரை அதிகம் பேசாதவர். மெத்தையின் மடிப்புக்குள் கையை விட்டார். எடுக்கவேயில்லை.

"ஏ, இங்க வாங்க... சூடால்லா இருக்கு!"

"மெய்யாவா?"

"தொட்டுப் பாருங்களேன். அண்ணாச்சி, இந்த மாசத்துல இந்த ஊர்ல காஞ்ச துணின்னு ஒண்ணக் கண்ணால பாக்க முடியாது. படுக்கையெல்லாம் முதுகுல ஒட்டுது. கொடியில போட்ட சேலை அஞ்சு நாளா அப்படியே கிடக்கு. நீங்க காஞ்ச மெத்தயில்லா கொண்டாந்திருக்கிய!"

தெருப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து கையை உள்ளே விட்டுப் பார்த்தார்கள். கேலி செய்தவள் இரண்டாவது தடவையும் வந்தாள். ஒரு கிழவர் தலையணையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு தர மறுத்தார். அண்டாவைப் பற்றி அதற்குப் பிறகு ஒருவரும் பேசவில்லை. அப்பா அண்ணனின் தோளில் ஒட்டியிருந்த துருவைத் துண்டால் துடைத்துவிட்டார்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு புறப்பட்டோம். அக்கா வண்டி வரை வந்தாள். சுவரில் பாசி, கதவு உப்பிச் சாத்த மாட்டேன் என்கிறது என்று அரை நாளிலேயே கண்டுபிடித்திருந்தாள்.

"ஏட்டி, அண்ணன்கிட்டச் சொல்லு. வாரா வாரம் இந்த மூடி வண்டிய அனுப்பச் சொல்லு. துணியெல்லாம் போட்டு அனுப்புதேன், காயப்போட்டுக் கொண்டாங்க" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று திரும்பி உள்ளே போய்விட்டாள்.

தென்காசி வரை மழை. சுந்தரபாண்டியபுரம் தாண்டியதும் சாலை காய்ந்து கிடந்தது. நனைந்த தகட்டிலிருந்து ஆவி கிளம்பியது. அப்பா கண்ணை மூடியிருந்தார், தூங்கவில்லை. நான் விடுதியில் இருக்கும்போது எங்கள் ஊரைப் பற்றி யாராவது கேட்டால், பக்கத்தில் குற்றாலம் என்றுதான் சொல்லியிருக்கிறேன். கரட்டுக் காடு, மண்டையைப் பிளக்கும் வெயில் என்று சொல்ல வெட்கம். அந்த வெயிலை நாங்கள் இன்று மடித்து, மூடி போட்டு, இருபத்தைந்து கிலோமீட்டர் சிந்தாமல் கொண்டு போய் அக்காவிடம் கொடுத்திருக்கிறோம். இன்று ராத்திரி வரைக்குமாவது அதன் சூடு தாங்கும். நாளைக்கு மெத்தையும் அந்த ஊர் ஈரத்தைக் குடிக்கத் தொடங்கிவிடும். அக்காவும் மெல்ல மெல்ல அந்த ஊர்க்காரியாகிவிடுவாள்.