பாதி பானெட் தேவசிகாமணி

மலையேறி வரும் காரைக் கண்டதும் தேவசிகாமணியின் கண் முதலில் போவது அதன் பின்கதவுக்கு. ஜன்னலுக்குக் கீழே ஈரமாக ஒரு கோடு வழிந்திருந்தால் போதும், கையிலிருக்கும் டீ கிளாஸை அத்தாயி கடை பெஞ்சில் அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிடுவார். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலையில் கொண்டை ஊசி வளைவுகளுக்குப் பஞ்சமில்லை. அடிவாரத்தில் பொங்கலும் வடையும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும் குழந்தைகள் மேலே வந்து சேரும்போது வெறும் வயிற்றோடுதான் சேர்வார்கள். சாப்பிட்டதெல்லாம் கதவில் இருக்கும்.

கிட்டே போனதும் நேராகத் தொழில் பேச்சை எடுக்கமாட்டார். சட்டைப் பையில் எப்போதும் ஓர் எலுமிச்சம்பழம் உண்டு. அதைக் குழந்தையிடம் நீட்டுவார். "மோந்து பாரு சாமி, செரியாப் போயிரும்." பிறகு தகப்பன் பக்கம் திரும்பி, வாந்தி என்ற சொல் வாயில் வராமல் விஷயத்தைச் சொல்வார். "ஏனுங்க, கொழந்தை மலையப் பாத்துப் பயந்துக்கிச்சாட்ட இருக்குதுங்க. கதவெல்லாம் பயம் வழிஞ்சு கெடக்குது. தொடச்சு உட்டுரட்டுங்களா?"

சிலர் சிரித்துவிட்டுச் சாவியைக் கொடுப்பார்கள். பலர் எலுமிச்சம்பழத்தை மட்டும் வாங்கிக்கொண்டு படகு விடப் போய்விடுவார்கள். தேவசிகாமணி திரும்பி வந்து ஆறிப்போன டீயைக் குடிப்பார். "எலுமிச்சம்பழ யாவாரம் பண்ணீருந்தா இந்நேரம் நானே ஒரு கார் வெச்சிருப்பேனுங்க சார். அதையும் கழுவறதுக்கு ஆள் இருக்காது."

நாற்பதைத் தாண்டிய ஒல்லியான ஆள். காக்கிக் கால்சட்டை, இடது தோளில் துடைப்பதற்குத் திருப்பூர் பனியன் வேஸ்ட் துணி ஒரு கத்தை. கொட்டச்சேட்டுப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் முதலாளியின் கார்களைத் துடைத்துப் பளபளப்பாக வைத்திருப்பதுதான் அவருடைய உத்தியோகமாக இருந்தது. முதலாளி எஸ்டேட்டை விற்றார். வாங்கியவர் சென்னைக்காரர், ஜீப்பில் வருகிறார், ஜீப்பில் போகிறார். "ஜீப்பும் எருமையும் ஒண்ணுங்க. கழுவி உட்டா அதுக்கே புடிக்காது" என்று சொல்லிவிட்டு, இரண்டு வாளி, ஒரு மெழுகு பாலீஷ் டப்பா, இடுக்குகளைத் துலக்கப் பழைய பல் பிரஷ் ஒன்று, இவற்றோடு ஏரிக்கரை மரத்தடியில் சொந்தத் தொழில் தொடங்கினார். அந்த ஊரில் அப்படி ஒரு தொழில் அதற்கு முன் கிடையாது. ஏன் கிடையாது என்பது அவருக்குப் பிறகுதான் புரிந்தது.

இங்கே அவருக்குப் போட்டி மழை. மத்தியானம் மூன்று மணிக்கு வெயிலடித்துக்கொண்டிருக்கும்போதே சேர்வராயன் மலைப் பக்கமிருந்து இறங்கி வந்து, எல்லாக் கார்களையும் ஒரே நேரத்தில் கழுவிவிட்டுப் போய்விடும். "அவன் நொம்ப நல்லவனுங்க. காசே வாங்கறதில்ல. அவனோட எங்க போயி மல்லுக்கட்டறது?" என்று வானத்தைக் காட்டுவார்.

வாடிக்கையாளர் சேர்க்க அவர் செய்த முதல் காரியம் போர்டு மாட்டியது. பெயின்டரிடம் என்ன எழுதச் சொன்னாரோ, "இங்கு கார் குளிப்பாட்டப்படும்" என்று நீல எழுத்தில் வந்தது. அதை மாட்டிய மரத்தில் ஏற்கெனவே ஒரு போர்டு இருந்தது. அதில் "ஏரியில் குளிக்கக் கூடாது" என்று இருந்தது. ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டையும் படித்த சுற்றுலாக்காரர்கள் போர்டுகளுக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். கார் ஒன்றும் வரவில்லை. "எம் போர்டு பெங்களூரு, மெட்ராசு எல்லாப் பக்கமும் போயிருச்சுங்க. நாந்தேன் இங்கயே நிக்கறேன்" என்றார் என்னிடம்.

அடுத்த முயற்சி மாதா கோயிலில் நடந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு எஸ்டேட்காரர்கள் கார்களில் வருவார்கள். தேவசிகாமணி கடைசி வரிசையில் முழந்தாளிட்டு, ஒரு கண்ணைப் பீடத்திலும் மறு கண்ணை வாசலில் நிற்கும் மட்கார்டுகளிலும் வைத்திருப்பார். பூசை முடிந்து கூட்டம் வெளியே வரும்போது ஒவ்வொருவரிடமும் ஒரு வார்த்தை போட்டு வைப்பது திட்டம். அன்றைக்குப் பார்த்துச் சாமியார், வெளியே மட்டும் தேய்த்துத் துலக்கிவிட்டு உள்ளே அழுக்கோடு திரிகிறவர்களைப் பற்றி அரை மணி நேரம் பிரசங்கம் செய்தார். "சாமி நம்ம பொழப்புலயே கைய வெச்சுட்டாருங்க" என்று வெளியே வந்து தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனால் மனிதர் லேசுப்பட்டவர் இல்லை. மறுநாளே போர்டில் ஒரு வரி கூடிவிட்டது: "உள்ளேயும் சுத்தம் செய்யப்படும்."

மூன்றாவது உபாயம்தான் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. அதில் மாட்டிய முதல் ஆள் நான்.

நான் இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஓய்வு பெற்றுப் போன தலைமையாசிரியர் ஒருவர் தலையில் கட்டிய பழைய ஃபியட் ஒன்று என்னிடம் இருக்கிறது. கரும்பச்சை என்று ஆர்.சி. புத்தகத்தில் போட்டிருக்கிறது; பார்க்கிறவர்களுக்குக் காய்ந்த சாணி நிறம். நான் அதை ஓட்டிய தூரத்தைவிடத் தள்ளிய தூரம் அதிகம். ஒரு நாள் மத்தியானம் ரொட்டிக் கடையிலிருந்து திரும்பி வந்து பார்த்தால், பானெட்டின் நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் பழைய சாணி. அந்தப் பக்கம் வாழையிலையைக் கழுவி வைத்த மாதிரி பச்சை. பக்கத்தில் தேவசிகாமணி கைகட்டி நின்றுகொண்டிருந்தார்.

"இது சாம்பிளுங்க சார். இதுக்குக் காசு வேண்டாம். மீதி வேணுமின்னாச் சொல்லுங்க."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. கேட்காமல் என் காரைத் தொட அவர் யார்? சம்பளக்காரன் கோபம் செலவில்லாத கோபம் என்பதால் அதை நீட்டித்துக்கொண்டே போனேன். பாதிக் காரோடு பள்ளிக்கூடம் போனேன், கடைத்தெரு போனேன், ஒரு கல்யாணத்துக்கும் போய் வந்தேன். பையன்கள் வண்டிக்கு 'அரை மொட்டை' என்று பெயர் வைத்தார்கள். எட்டாம் வகுப்பில் பின்னம் நடத்தத் தொடங்கிய அன்று, பாதி என்றால் என்ன என்று நான் கேட்டதும் வகுப்பு மொத்தமும் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தது. அன்று சாயங்காலம் ஏரிக்கரைக்குப் போய் மீதியைப் போடச் சொல்லிவிட்டேன். அவருடைய நிலையான வாடிக்கையாளர்களில் முதல் ஆள் நான்தான். கடைசி ஆளும் நானாகவே இருந்தேன் என்பதுதான் துயரம்.

ஏனென்றால் எல்லாரும் என்னைப் போல மானஸ்தர்கள் இல்லை. பெங்களூர்க்காரர் ஒருவர் பாதி பளபளப்போடு ஹாரன் அடித்துக்கொண்டே கீழே போய்விட்டார். ஒரு மாப்பிள்ளை வீட்டார் சண்டைக்கு வந்தார்கள். புது மாருதி ஒன்றில் கை வைத்தபோது இரண்டு பாதியும் ஒரே மாதிரி இருந்தன. "புதுசுக்குச் சாம்பிள் காட்டறது, பூசாரிக்கே திருநீறு பூசறாப்புல ஆயிப்போச்சுங்க" என்று சிரித்தார். அந்தச் சீசனில் மலையெல்லாம் பாதி மின்னும் கார்கள் ஓடின. திரும்பி வந்தவை குறைவு.

அவர் சிரித்தாலும் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. மனைவி மரியசெல்வி ஒரு பள்ளி விடுதியில் சமையல் வேலை செய்கிறார். வீட்டு அடுப்பு எரிவது அந்தச் சம்பளத்தில். அவருடைய அண்ணன் லாசர் சேலத்தில் லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். வந்துவிடு, வேலை தருகிறேன் என்று எத்தனையோ முறை சொல்லி அனுப்பியாயிற்று. மரியசெல்வி கடைசியாக ஒரு முடிவு சொன்னார். "ஏனுங்க, சீசன் முடியறதுக்குள்ள மாசாமாசம் வர்ற காருக நாலஞ்சு சேந்தாப் பாக்கலாம். இல்லீன்னா எங்கண்ணங்கூடக் கீழ எறங்கீரலாம். நானும் எத்தன நாளைக்குத்தான் உங்க சாம்பிள்லயே குடும்பம் நடத்தறது?"

கீழே என்ற சொல்லை இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். ஏற்காட்டுக்காரர்களுக்குச் சேலம் என்று ஓர் ஊர் கிடையாது, அது 'கீழே'. துணி எடுக்கக் கீழே போவார்கள், வைத்தியத்துக்குக் கீழே போவார்கள். போனவர் திரும்பி வந்தால் 'கீழே போயிட்டு வந்தார்'. பிழைப்பு ஓடாமல் குடும்பத்தோடு போனவரை மட்டும் 'எறங்கீட்டான்' என்பார்கள். அந்த ஒரு சொல்லோடு அவர் கதை முடிந்துபோகும்.

தேவசிகாமணி கேலி இல்லாமல் பேசி நான் கேட்டது அந்த வாரத்தில்தான். "பட்டறையில வேல ஒண்ணும் கஷ்டமில்லீங்க சார். ஆனா அங்க போனா நான் லாசரு தங்கச்சி ஊட்டுக்காரனுங்க. இங்க நான் பாதி பானெட்டாச்சும் தேவசிகாமணிங்க." என்னால் ஆனது என் ஃபியட்டை அதே வாரத்தில் இரண்டாம் முறை பாலீஷ் போடச் சொன்னதுதான். தேய்த்தால் பெயின்ட் போய்விடும் என்று அவர் மறுத்துவிட்டார்.

கோடை விழா முடிந்தது. சாரல் பிடித்துக்கொண்டது. கார்கள் குறைந்தன. சேர வேண்டிய கார்கள் சேரவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை லாசர் தன்னுடைய கறுப்பு அம்பாசிடரில் தங்கை குடும்பத்தை அழைத்துப் போக வந்துவிட்டார். பெரிய மீசை, கையில் பட்டையாக மோதிரம், பேச்சில் பட்டறைச் சத்தம். கார் முழுக்கக் கீழேயுள்ள செம்புழுதி. வழியனுப்ப நானும் போயிருந்தேன்.

பாயும் பாத்திரமும் துணி மூட்டையும் டிக்கியில் ஏறின. மரியசெல்வி கோழிக் குழம்பை இறக்கி வைத்துவிட்டு, அடுப்பு ஆறியதும் மண்ணெண்ணெய் ஸ்டவ்வையும் கொண்டுபோய் எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார். லாசரையும் என்னையும் சாப்பிட உட்காரச் சொன்னார். தனக்குப் பசியில்லை என்று தேவசிகாமணி வெளியிலேயே நின்றுகொண்டார்.

இரண்டாவது பிடிச் சோறு வாய்க்குப் போகும்போது வாசலிலிருந்து அந்தச் சத்தம் கேட்டது. பனியன் துணி தகரத்தில் வட்டம் வட்டமாகத் தேயும் சத்தம். அதை எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு நல்ல விருந்தாளியாக லாசரிடம் சொல்லியிருக்க வேண்டும். நான் இன்னும் ஒரு கரண்டிக் குழம்பு கேட்டு வாங்கிக்கொண்டேன். மீன் விலையிலிருந்து மெட்ராஸ் வெயில்வரை, எனக்குத் தெரியாத விஷயங்களையெல்லாம் அவரிடம் பேசிக்கொண்டிருந்தேன்.

கை கழுவிக்கொண்டு வெளியே வந்த லாசர் நின்றுவிட்டார். பானெட்டின் வலது பாதியில் ஆகாயமும் சில்வர் ஓக் மரங்களும் அவருடைய மீசையும் தெரிந்தன. இடது பாதியில் செம்புழுதி.

"என்ன மாப்ள இது?"

"சாம்பிளுங்க மச்சான்."

"வெளையாடறயா? மீதியையும் போட்டுட்டு வண்டீல ஏறு. இருட்டறதுக்குள்ள எறங்கோணும்."

தேவசிகாமணி துணியை உதறினார், மடித்தார், தோளில் போட்டுக்கொண்டார். "மீதி அடுத்த ஞாயித்துக்கெழமைங்க. பூசைக்கு மேல வாங்க, போட்டுத் தர்றேன்."

"நாளைக்கு லாரிக்காரங்க சங்கத்துல மீட்டிங்கு. அத்தன பேரும் காருலதான் வருவானுக. அவுங்க மத்தியில நானு பாதிக் காரோட போயி நின்னா என்னைய என்னன்னு கேப்பானுக?"

"யாரு போட்டதுன்னு கேப்பாங்க மச்சான்." குரலில் வழக்கமான கிண்டல் இல்லை. "மேல ஒருத்தன் இருக்கறான்னு சொல்லுங்க."

"மேல இருக்கறது ஆண்டவரு ஒருத்தருதான்" என்றார் லாசர். ஆனால் போகவில்லை. தன் தோள் துண்டை எடுத்து இடது பாதியைத் தானே அழுத்தித் தேய்த்துப் பார்த்தார். புழுதி இடம் மாறியதே தவிர மினுமினுப்பு வரவில்லை. நிமிர்ந்து, வலது பாதியில் தெரிந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவரையும் அறியாமல் கை மேலே போய் மீசையை ஒதுக்கிவிட்டது.

நான் பார்த்தேன். தேவசிகாமணி பார்த்தார். வாசற்படியில் ஈரக் கையோடு நின்றிருந்த மரியசெல்வியும் பார்த்தார். இறங்கி வந்து, டிக்கியைத் திறந்து, மேலாக இருந்த ஸ்டவ்வை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனார்.