குழாயடிக்குப் போகாத யாகப்பன்

முத்திரை வில்லையை நாக்கில் நனைத்து ஒட்டுகிற ஆள் இல்லை யாகப்பன். அதற்கென்று ஒரு பீங்கான் கிண்ணம், அதற்குள் ஒரு துண்டு ஸ்பாஞ்சு. காலை ஒன்பதரைக்கு கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்துக்கு எதிரே, தூங்குமூஞ்சி மரத்தடியில் மேசையைப் போட்டதும் கிண்ணத்தோடு கிளம்பிவிடுவார். எழுபது தப்படி நடந்து டீக்கடையில் அரை டம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கி, சிந்தாமல் கொண்டுவருவார். மேசையிலிருந்து பத்தே தப்படியில் மீன் கொட்டகை இருக்கிறது. அதன் வாசலில் புதுக் குழாய், திருகினால் தண்ணீர் கொட்டும். அது வந்து ஆறு மாதமாயிற்று. யாகப்பன் ஒருநாள்கூட அதைத் தொட்டதில்லை.

எந்தக் கொம்யூன் என்பது இங்கே வேண்டாம். காரைக்காலிலிருந்து பஸ் ஏறினால் அரை மணிக்குள் வந்துவிடும், அது போதும். இருபத்திரண்டு வருடமாக அங்கே மனு எழுதுகிறார். நெடுங்காட்டு வாய்க்காலுக்குத் தண்ணீர் வரவில்லையானாலும் பூவத்தில் தெருவிளக்கு எரியவில்லையானாலும் ‘கனம் பொருந்திய ஆணையர் அவர்களின் மேலான சமூகத்திற்கு’ என்று தொடங்கி நாலு பக்கத்துக்குக் குறையாமல் எழுதுவார். எழுதியதை உரக்கப் படித்தும் காட்டுவார். கடைசிப் பக்கத்தில் ‘கருணை கூர்ந்து’ வரும்போது அவருக்கே குரல் கம்மும், மனுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொள்வார். பதில் வந்ததா என்று மட்டும் யாரும் கேட்கக் கூடாது. “மனு போடறது நம்ம கடமை. மனசு எறங்கறது அவங்க கையில” என்பார்.

மீன்காரப் பெண்கள் வந்தால் அவருக்கு ஒரு கண்டிப்பு உண்டு. “ரெண்டடி தள்ளி நில்லுங்க. காயிதத்துல கவிச்சி ஏறுனா ஆபீசர் தொடமாட்டாரு. கையக் கழுவிட்டு வந்தாத்தான் என்ன?” கழுவத் தண்ணீர் இல்லை என்பதுதான் அவர்கள் கொண்டுவந்த மனுவே. அதை யாகப்பன் ஏழு தடவை எழுதினார். எட்டாவது தடவை எழுதுவதற்குள் யாரோ வந்து கொட்டகைச் சுவரில் ‘குடிநீர்க் குழாய் அமைக்கும் பணி நிறைவுற்றது’ என்று நீல எழுத்தில் எழுதிவிட்டுப் போனார்கள். எழுத்து இருந்தது, குழாய்தான் இல்லை.

கிளிஞ்சல்மேட்டிலிருந்து மீன் கூடை கொண்டுவரும் மலர்க்கொடி மறுநாளே மேசை முன்னால் வந்து நின்றாள். மகளிர் குழுக் கூட்டத்தில் யாரோ தகவல் கேட்கிற புதுச் சட்டம் ஒன்றைச் சொல்லியிருந்தார்கள்.

“அண்ணே, பத்து ரூவா வில்ல ஒட்டி என்ன வேணும்னாலும் கேக்கலாமாம். முப்பது நாளுக்குள்ள பதில் சொல்லியே ஆகணுமாம். எழுதிக் குடுங்க.”

“அரசாங்கத்தப் போயி கேள்வி கேக்குறதா? நீ என்ன வாத்தியாரா? மனுன்னா பணிவு வேணும்மா.”

அவள் மகளின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துத் தானே எழுதிப் போட்டாள். குழாயை எந்தத் தேதியில் போட்டீர்கள்? எந்த இடத்தில் போட்டீர்கள்? பார்த்துக் கையெழுத்துப் போட்டவர் யார்? மூன்றே கேள்வி, ஒரு வணக்கம்கூடக் கிடையாது. இருபத்தெட்டாம் நாள் தபால்காரர் மணிவேல் சைக்கிளை நிறுத்தி, “மலர்க்கொடி, ஒனக்கு ரிஜிஸ்தர் தபாலு” என்றார். கோப்பைத் தேடிக்கொண்டிருக்கிறார்களாம், அதுதான் பதில். ஆனால் அந்த வாரமே இஞ்சினியர் குழாயோடு வந்து நின்றார்.

யாகப்பனுக்கு வயிறு எரிந்தது. குழாய் வந்ததற்காக இல்லை, தபால் வந்ததற்காக. ஊராருக்காக எழுதி எழுதியே இருபத்திரண்டு வருடம் போயிற்று, அரசாங்க முத்திரை குத்திய உறை ஒன்றில் அவர் பெயர் ஒருநாளும் வந்ததில்லை. இவளோ அந்த உறையைப் பாலித்தீன் பையில் சுற்றி, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் எடுத்துக் காட்டினாள். பார்த்தவர்கள் தங்கள் குறையையும் அவளிடமே சொல்ல ஆரம்பித்தார்கள். மேசைக்கு முன்னால் கிடந்த முக்காலியில் காக்கை வந்து உட்கார்ந்தது.

“நேத்துப் பேஞ்ச மழையில இன்னிக்கு மொளச்ச காளான்” என்று வீட்டில் பொருமினார்.

“காளானாச்சும் மொளச்சுதே” என்றாள் மனைவி அந்தோணிமேரி, காலுக்குத் தைலம் தேய்த்தபடி.

அவள் கால் சுளுக்கியது அவர்கள் வீட்டு வாசலிலேயேதான். தெருச் சாக்கடைக்கு மூடி இல்லை. மூடி போட்டாயிற்று என்று அங்கேயும் ஒரு நீல எழுத்து உண்டு. யாகப்பன் யாருக்கும் தெரியாமல் தன் பெயரிலேயே ஒன்று எழுதி, வில்லை ஒட்டிப் போட்டார். நாலரைப் பக்கம். அதன்பிறகு சைக்கிள் மணி கேட்கும்போதெல்லாம் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

முப்பதாம் நாள் உறை வந்தது. பிரிக்கவில்லை. பெயர் மேலே தெரிய, மேசையில் கொட்டகையைப் பார்க்க வைத்து, மூலையில் ஒரு கல்லையும் வைத்தார். மலர்க்கொடி பார்ப்பதற்கு மத்தியானம் ஆகிவிட்டது.

“ஒங்களுக்காண்ணே? பிரிங்க, பிரிங்க. அண்ணி விழுந்தாங்களே, அந்தச் சாக்கட மூடிக்கா? எப்ப வருதாம்?”

பிரித்தார். ஒரே வரிதான். ‘தாங்கள் கோரும் தகவல் எதுவென்று மனுவில் குறிப்பிடப்படவில்லை.’ நாலரைப் பக்கத்தில் தெருவின் பழைய பெருமை இருந்தது, அந்தோணிமேரியின் கால் இருந்தது, கருணை மூன்று இடத்தில் இருந்தது. கேள்வி ஒன்றுகூட இல்லை.

கூடவே எட்டிப் படித்த அவள் சிரித்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். சிரிக்கவில்லை. “மூடி என்னிக்குப் போட்டீங்க, எத்தன போட்டீங்க, இப்ப எங்க இருக்கு. அத மட்டும் கேளுங்கண்ணே. அண்ணி இன்னொரு தடவ விழுந்துடப் போறாங்க” என்று சொல்லிவிட்டு, கூடைக்கு ஆள் வந்ததும் போய்விட்டாள். அந்த அக்கறையும் அவருக்குச் சுட்டது. இவ்வளவு சின்ன விஷயம் தனக்குத் தோன்றாமல் இவளுக்கு எப்படித் தோன்றியது என்று மனம் குமைந்தது.

புதுத் தாள் எடுத்தார். கை தானாகக் ‘கனம்’ என்று எழுதியது. கிழித்துப் போட்டுவிட்டு இன்னொன்று எடுத்து, அவள் சொன்ன மூன்றையும் அப்படியே எழுதினார். தாளில் முக்கால்வாசி வெறுமையாகக் கிடந்தது. ஒட்டலாம் என்று வில்லையை எடுத்தால், வெயிலில் ஸ்பாஞ்சு காய்ந்து வறட்டியாகியிருந்தது.

கிண்ணத்தோடு எழுந்தார். டீக்கடை திறந்துதான் இருந்தது. மலர்க்கொடி குனிந்து ஒரு கொடுவா மீனுக்குச் செதில் சீவிக்கொண்டிருந்தாள். பார்த்துக்கொண்டே பத்துத் தப்படி நடந்தார் யாகப்பன். குழாயை, சத்தம் வராத அளவுக்கு மட்டும் திருகினார்.