மங்கையற்கரசிக்குப் பொன்னாடை, வதனிக்கு வகுப்பு

கல்லடியில் அப்பம் சுட்டு விற்கிற மங்கையற்கரசிக்குப் பாராட்டு விழா வைத்தார்கள். வேறு நாட்டில் பிறந்து இங்கே வந்து சேரும் பிள்ளைகளின் உரிமைக்காகப் போராடினாளாம். அந்தப் போராட்டம் வென்றதா என்று விழா நடத்திய மன்றத்தில் ஒருவரும் கேட்கவில்லை. பொன்னாடைக்கு அது தேவையில்லை.

போராட்டம் இதுதான். அடுத்த வளவில் இருக்கும் அஜந்தா சண்டைக்காலத்தில் தாய் தகப்பனோடு இந்தியா போனவள். அங்கே அகதி முகாமில் வளர்ந்து, கல்யாணம் முடித்து, வதனியைப் பெற்று, பிறகு ஊர் திரும்பினாள். சொந்த மண் கூப்பிட்டது என்று மேடையில் சொல்வார்கள். மண் கூப்பிட்டிருக்கலாம், பள்ளிக்கூடம் கூப்பிடவில்லை. பிள்ளை இந்தியாவில் பிறந்ததால் கொழும்பிலிருந்து பிரஜாவுரிமைப் பத்திரம் வரவேண்டும், அதுவரை சேர்க்க முடியாது என்றார் பள்ளிக்கூட அதிபர்.

அஜந்தா அப்பக் கடையில் வந்து அழுதாள். "இந்தத் தவணையும் போனா நான் முகாமுக்கே திரும்பிப் போயிருவன் அக்கா. அங்கயெண்டாலும் இவள் படிச்சாள்."

மங்கையற்கரசி முதலில் மரியாதையாகத்தான் போனாள்.

"சேர், வீட்ட வெச்சிருந்தாப் புள்ள படிச்சதெல்லாம் மறந்திரும்."

"மறுகா வாங்க அக்கா."

"மறுகா எண்டா எப்ப சேர்?"

"பத்திரம் வந்த மறுகா."

அதோடு மரியாதை முடிந்தது. விடிய அப்பம் விற்று முடிந்ததும் கையைக் கழுவிக்கொண்டு, வதனியையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் போய் நிற்பாள். அதிபரின் மோட்டார் சைக்கிள் உள்ளே போகும்போது, "சேர், புள்ள வந்திரிக்கி!" என்று தெருவே கேட்கக் கத்துவாள். அதிபர் நேரே பார்த்துக்கொண்டு போய்விடுவார். நாள்தோறும் அங்கே நின்ற பிள்ளையின் முகத்தை அவர் ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

மங்கையற்கரசியைத் தியாகி என்று நினைத்துவிட வேண்டாம். வாய் சரியில்லாத மனுசி. அந்தப் பள்ளிக்கூடத்து ஆசிரியர் யாராவது பாலப்பம் கேட்டால் முடிந்துவிட்டது என்பாள். அவர் பார்த்திருக்கவே பின்னால் வந்தவருக்குச் சுட்டுக் கொடுப்பாள்.

வதனிக்குத்தான் வெட்கம். "ஆன்ட்டி, வேணாங்க. எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும் புள்ள. பாக்கட்டும் எண்டுதானே நிக்கிறம்."

இப்படி இருக்கும்போதுதான் மனிதநேய மன்றத் தலைவர் வினாயகமூர்த்தி அப்பக் கடைக்கு வந்தார். வருடத்துக்கு ஒருவரைப் பாராட்டாவிட்டால் அவருக்குச் சாப்பாடு செரிக்காது. மண்டபம் பிடித்தாயிற்று, பாண்ட் வாத்தியம் சொல்லியாயிற்று. ஆள்தான் கிடைக்கவில்லை.

"மங்கை, உனக்கு 'மழலையர் உரிமைக் காவலர்' எண்டு பட்டம் தாறம்."

"பட்டத்த வெச்சு நான் என்ன செய்யிற அண்ண? அதிபரிட்டச் சொல்லி இவள உள்ள எடுக்கச் சொல்லுங்க."

"அது வேற விசயம், இது வேற விசயம். அவர்தான் விழாவுக்குப் பிரதம விருந்தினர்."

"அவரா?"

"புள்ளையளப் பத்தின விழா. அதிபர் இல்லாம எப்பிடி?"

எங்கள் ஊர் முறை அதுதான். கோயில் காரியத்துக்குக் கோயிலை நிர்வகிக்கிற வண்ணக்கர், பிள்ளைகளின் காரியத்துக்கு அதிபர். என்ன செய்தார் என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை.

விருந்தினரை வாசலில் வெற்றிலை கொடுத்து வரவேற்பதும் முறை. அதை வதனி கையால் கொடுத்தால் படம் நன்றாக விழும் என்றார் தலைவர். வெற்றிலை கொடுக்கிற பிள்ளை யூனிபோமில்தான் நிற்க வேண்டுமாம். வதனிக்கு ஏது யூனிபோம்? தலைவர் தன் பேத்தியின் வெள்ளைச் சட்டையையும் கழுத்தில் கட்டுகிற பள்ளிக்கூட ரையையும் கொண்டுவந்து மாட்டிவிட்டார். பள்ளிக்கூடம் மறுக்கப்பட்ட பிள்ளையின் உரிமையைக் கொண்டாட, அவளுக்கு அரை நாள் இரவல் யூனிபோம்.

அதிபர் பிந்தி வந்தார். வெற்றிலையை வாங்கினார். "இதுதான் இந்தியாவால வந்த புள்ள," என்று தலைவர் அவர் காதில் சொன்னார். அதிபர் யூனிபோமைப் பார்த்தார். தான் லீவில் நின்ற நாளில் உப அதிபர் சேர்த்திருப்பார் என்று நினைத்துக்கொண்டார். மேடையில் மைக் கையில் வந்ததும் அந்த நினைப்பு வளர்ந்தது.

"கடல் கடந்து வந்த இந்தச் செல்வத்தை எமது பாடசாலை இரு கரம் நீட்டி அணைத்துக்கொண்டது!" என்றார். மண்டபம் கை தட்டியது. பின் வரிசையில் அஜந்தா மட்டும் எழுந்து நின்றாள். தன்னைக் கேட்காமல் எப்போது சேர்த்தார்கள் என்று அவளுக்கு விளங்கவில்லை.

பொன்னாடைகள் விழுந்து முடிந்தன. ஏற்புரைக்கு அழைத்தார்கள். மங்கையற்கரசி மைக்கை வாயோடு வைத்துக்கொண்டாள்.

"எனக்குப் பேசத் தெரியா. ஒரு கேள்விதான். சேர், இவள எந்த வகுப்புல சேத்திரிக்கீங்க?"

அதிபர் தலைவரைப் பார்த்தார். தலைவர் கூரையைப் பார்த்தார்.

"அது வந்து... அஞ்சாம் வகுப்பு."

"ஏயா, பீயா?"

சனம் சிரித்தது. "ஏ," என்றார் அதிபர்.

"நல்லம். நாளைக்கு விடிய வாறம். எல்லாரும் கேட்டீங்கதானே?"

மறுநாள் வாசலில் மோட்டார் சைக்கிள் முதல் தடவையாக நின்றது.

"அக்கா, நேத்துச் சொன்னது ஒரு பேச்சுக்கு."

"பேச்சு மன்றத்துப் பேஸ்புக்கில வீடியோவாக் கிடக்கு சேர். கீழ ஊரே உங்களப் புகழ்ந்து எழுதிக் கிடக்கு. நான் போய் இல்லையெண்டு எழுதவா?"

அதிபர் ஹெல்மெட்டைக் கழற்றாமலே காவலாளியைக் கூப்பிட்டார். "புள்ளைய அஞ்சு ஏக்குக் கூட்டிற்றுப் போ," என்றார். வதனி திரும்பிப் பார்க்காமல் போனாள்.

கொழும்புப் பத்திரம் இன்னும் வரவில்லை. வதனி வகுப்பில் மூன்றாம் வாங்கில் உட்கார்ந்திருக்கிறாள். அஜந்தா முகாமைப் பற்றிப் பேசுவதில்லை.

போன கிழமை காத்தான்குடியிலிருந்து உம்மு குல்தூம் என்றொரு தாய் மகனையும் கூட்டிக்கொண்டு அப்பக் கடைக்கு வந்தாள். கட்டாரில் பிறந்த மகன் றிப்ஷானுக்கும் இதே கதைதான்.

"மங்கை அக்கா, அடுத்த பாராட்டு விழா எப்ப? இவனையும் சேக்கணும்."

மங்கையற்கரசி அப்பச் சட்டியைச் சுழற்றியபடி கேட்டாள். "உங்கட அதிபர் மேடையில பேசுவாரா?"

"மைக்கக் கண்டா விடமாட்டாரு."

"அப்ப பயப்படாத. இருந்து அப்பத்தத் தின்னு, வினாயகமூர்த்தி அண்ணயக் கூப்பிடுறன்."