வேப்பிலை வீட்டுக்குள் ஒரு டார்ச்

நாக்கின் மேல் அழுந்தும் எவர்சில்வர் கரண்டிக் காம்பின் குளிர்ச்சி, கண்ணைக் கூசவைக்கும் டார்ச் வெளிச்சம், அதற்குப் பின்னால் அம்மாவின் சுருங்கிய புருவம்: என் பிள்ளைப்பருவத்துக் காலைகள் இப்படித்தான் தொடங்கின. பீளமேட்டில் மற்றப் பிள்ளைகள் பல் தேய்த்துச் சீருடை மாட்டிக் கிளம்பினார்கள். நானும் தம்பி கதிரும் அவற்றுக்கு நடுவில் ஜன்னலோரம் நின்று, தொண்டை சிவந்திருக்கிறதா என்று அம்மா பார்க்க, "ஆ" காட்டிவிட்டுக் கிளம்பினோம்.

நான் ஆறாவதும் கதிர் இரண்டாவதும் படித்தபோது, எங்கள் பகுதி மாரியம்மன் கோயிலில் "நோம்பி" சாட்டிய, அதாவது திருவிழா அறிவித்த, வாரத்தில், இருவருக்கும் காய்ச்சல் அடித்து உடம்பெல்லாம் சிவப்பாகப் பொரிந்தது. நோம்பி சாட்டிய பிறகு உடம்பில் எது பொரிந்தாலும் அது அம்மைதான், அம்மை வந்த வீட்டுக்கு வேப்பிலைதான், மருந்து "ஆகாது". தொண்டாமுத்தூரிலிருந்து வந்த அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, வாசலில் வேப்பிலைக் கொத்தைச் செருகி, "ஆத்தா வந்திருக்கா கண்ணு, ஊசி கீசின்னு தூக்கீட்டுப் போயிராத" என்றார். அம்மாவும் போகவில்லை. எச்சில் விழுங்க முடியவில்லை என்று நாங்கள் அழுதபோது இளநீர் கொடுத்தாள். பொரிந்தது அடங்கியதும் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, நோம்பிக்கு மாவிளக்கும் எடுத்தோம்.

சில வாரங்கள் கழித்து ஒரு காலையில் கதிர் வேறு பிள்ளையாக எழுந்தான். "சோத்துல கல்லு கெடக்கு" என்று தட்டைத் தள்ளினான், கண்ணைக் கொட்டிக்கொண்டே இருந்தான், முத்து முத்தாக எழுதிய கை கோழி கிளறியதுபோல எழுதியது, அம்மா குளிக்கப் போனால்கூடக் கதவைத் தட்டி, "அம்மா, நீ செத்துருவியா?" என்று கேட்டான். "மாட்டேன் சாமி" என்று உள்ளேயிருந்து அம்மா சொல்லுவாள். அவன் மறுபடி கேட்பான். அவள் அதே குரலில் மறுபடி சொல்லுவாள். அடுத்து என் முறை. கதவுத் தாழ்ப்பாளைத் தொட்டால், தொட்டது சரியாகிவிட்டது என்று மனதுக்குப் படும்வரை தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இது அர்த்தமில்லாதது என்று எனக்கே தெரிந்திருந்தது, கைதான் கேட்கவில்லை.

"செல்லம் ஜாஸ்திங்க, ரெண்டும் நடிக்குது" என்றார்கள் பள்ளியில். "நல்லாப் படிச்சிட்டிருந்த ரெண்டும் திடுதிப்புன்னு சேந்து நடிக்கக் கத்துக்குச்சுங்களா?" என்று கேட்டாள் அம்மா. சாமி குத்தம் என்று அத்தை கயிறு மந்திரித்துக் கொண்டுவந்தார். கட்டிக்கொண்டேன், தாழ்ப்பாளோடு சேர்த்து அந்தக் கயிற்றையும் தொடவேண்டியதாயிற்று.

எங்கெங்கோ அலைந்த பிறகு ஒரு டாக்டரம்மாதான், "இதுக்கு முன்னால என்ன காய்ச்சல் வந்துச்சு?" என்று கேட்டார். அம்மை என்றாள் அம்மா. "கொப்புளத்துல நீர் கோத்துச்சுங்களா?" இல்லை, தோல் உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று இருந்தது. "தொண்டை வலிச்சுதா?" "எச்சில் முழுங்க முடியலீன்னு அழுதுதுங்க" என்றாள் அம்மா, எங்களைப் பார்த்தபடி. பரிசோதனைகள் முடிந்ததும் அவர் விளக்கினார்: வந்தது அம்மை இல்லை, தொண்டைக் கிருமி, அதை அடிக்கக் கிளம்பிய உடம்பின் காவல்படை, ஆள் தெரியாமல் மூளையையும் அடித்துக்கொண்டிருக்கிறது. தொண்டை மறுபடி சிவந்தால் உடனே கூட்டி வரச் சொன்னார், அம்மா டார்ச்சைக் கையில் எடுத்தது அன்றிலிருந்துதான். மாத்திரைகளும் மாதாமாதம் இடுப்பில் போட்ட ஊசியுமாக, இரண்டடி முன்னேறி ஓரடி சறுக்கி, நாங்கள் மெல்ல மெல்லத் திரும்பி வந்தோம்.

"ஆனது ஆச்சு. வெளிய மூச்சு உட்டுராத அம்மணி" என்றார் அத்தை. "நாளைக்குப் பொண்ணக் கட்டிக் குடுக்கோணும். மூளைல கோளாறுன்னு பேரு வந்தா எவன் வருவான்?"

"சொல்லத்தானுங்க போறேன்" என்றாள் அம்மா.

அடுத்த நோம்பிக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு வீட்டில் வேப்பிலை தொங்கியது. வேப்பிலை கட்டிய வீட்டுக்குள் வெளியாள் நுழையக் கூடாது. அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, டார்ச்சும் கரண்டியுமாக நுழைந்தாள். "ஏனுங்க, உள்ள வரக் கூடாதுங்க!" என்று பதறினார் அந்த வீட்டுக்காரம்மா. "ஆத்தா கேட்டா நான் பதில் சொல்லிக்கறேனுங்க. ஆ காட்டு சாமி." சந்தில் யாரோ, "புது கிளினிக் தொறந்தாச்சு, டோக்கன் எங்கீங்க வாங்கறது?" என்று கேட்க, சிரிப்பு எழுந்தது. குழந்தையின் தொண்டை சிவந்திருந்தது. அம்மை இல்லை என்று சொல்ல அம்மா டாக்டர் இல்லை. டாக்டரிடம் காட்டாமல் விடாதீர்கள் என்று சொல்ல அவளைவிட உரிமையுள்ளவர் அந்தச் சந்தில் யாருமில்லை. கொஞ்ச நேரத்தில் அந்த வீட்டுக்காரம்மா, குழந்தையின் இடுப்பில் வேப்பிலையைச் செருகியபடியே தூக்கிக்கொண்டு வந்து, அம்மாவின் ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்தார்.

போன மாதம் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். காபி ஆறுவதற்குள் நானே எல்லாவற்றையும் சொன்னேன். "இப்பவும் வருமுங்களா?" என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார். "வந்தா வைத்தியம் பாப்பமுங்க" என்றேன். சொல்லியனுப்புவதாகக் கிளம்பினார்கள், சொல்லியனுப்பவில்லை. கேட்டால் இன்றைக்கும் அதையேதான் சொல்லுவேன்.

அந்தத் தாழ்ப்பாள் வைத்த கதவை மாற்றிவிட்டோம். டார்ச்சும் எங்கோ போய்விட்டது, செல்போன் வெளிச்சம்தான் இப்போது. ஞாயிற்றுக்கிழமை, "சொல்லாம இருந்திருந்தா சம்பந்தம் முடிஞ்சிருக்கும்" என்று அத்தை புலம்பிக்கொண்டிருந்தபோது, கல்லூரி விடுதியிலிருந்து வந்திருந்த கதிர் இருமினான். அம்மா செல்போனை எடுத்து, "குனி சாமி, எனக்கு எட்டல" என்றாள். அவன் குனிந்தான். புலம்பலை நிறுத்தாமலே அடுக்களைக்குப் போய்க் கரண்டியை எடுத்துவந்து நீட்டியவர் அத்தைதான்.