ஓரச்செடியின் விதை

பண்ணையில் எல்லோரும் அவளை அளவுக்கயிறு என்றுதான் கூப்பிடுவார்கள். தீவனப் பயிர்ச் சோதனை வயலில் பதினெட்டு வருஷமாக முடிச்சுக் கயிற்றைப் பிடித்து வரிசை போடுகிறவள். வீட்டுக் கொடியில் துணி காயப்போட்டாலும் சட்டைக்கும் சட்டைக்கும் ஒரு சாண் விடுவாள். அப்படிப்பட்டவள் செய்த காரியம்தான் இது.

போன பருவத்தில் குதிரைமசால் என்ற மாட்டுத் தீவனப் பயிரை மூன்று பாத்திகளில் ஒரு சாண், இரண்டு சாண், மூன்று சாண் இடைவெளியில் விதைத்தார்கள். எதில் விதை அதிகம் பிடிக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு சாண் பாத்தியின் விதையைக் களத்தில் உலரவைத்துவிட்டு அவள் டீக்குப் போய்ப் பேச்சில் உட்கார்ந்துவிட்டாள். கோழிகள் புகுந்து பாதியைத் தீர்த்திருந்தன. பயத்தில் பாத்தியைச் சுற்றி நின்ற ஓரச்செடிகளின் விதையை உருவிப் பையை நிரப்பினாள். ஓரச்செடியைக் கணக்கில் சேர்க்கவே கூடாது. ஒரு பக்கம் காலியாக இருப்பதால் வெயிலும் காற்றும் தேனீயும் தாராளமாகக் கிடைத்து, அது காய்த்துத் தள்ளும். அவளுக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும்.

எடை போட்ட அதிகாரி துள்ளாத குறை.

"நெருக்கி விதைச்சாலே இவ்ளோ விதையா! உன் கைராசிம்மா."

அவர் வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு. அவள் வாயைத் திறக்கவில்லை.

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. விதைக்கு ஒரு சாண் போதும் என்று விவசாயிகளுக்குத் துண்டறிக்கை வேறு அச்சாகப் போகிறது. அதற்குள் விஷயம் காதில் விழுந்து அவள் தம்பி முந்திக்கொண்டு, தன் வயலில் விதைக்காக ஒரு சாண் இடைவெளியிலேயே விதைத்துவிட்டான். காய் முற்றும் சமயத்தில் அவன் வயலுக்குப் போய்ப் பார்த்தாள். இடுப்பளவு தழை, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தது. விலக்கிப் பார்த்தால் பேருக்கு நாலு காய். அடுத்த பருவத்துக்கு அவனிடம் விதையே கிடையாது.

"மாட்டுக்குத்தான் கொண்டாட்டம்," என்று சிரித்தான் தம்பி.

"அந்த ஆபீசர் பேச்சை நம்பி..." என்று ஆரம்பித்தாள். பழியை அவர் தலையில் கட்ட நாக்குக்கு என்ன அவசரம்!

"அவரை யாரு நம்பினா? கயிறு பிடிச்சது எங்கக்கா, தப்பாகாதுன்னு நெனச்சேன். என் மண்ணுதான் சரியில்ல போல. விடுக்கா."



"மண்ணு நல்ல மண்ணுதான்டா. நான்தான் சரியில்ல," என்று நடந்ததைச் சொன்னாள்.

அவன் சிரிப்பு நின்றது. அரிவாளை எடுத்துத் தழையை அறுக்கத் தொடங்கினான்.

அங்கிருந்து நேராக அலுவலகத்துக்குப் போனாள். அதிகாரியின் மேஜையில் துண்டறிக்கையின் கடைசித் திருத்தப் படி இருந்தது. கோழியிலிருந்து தம்பி வரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"இதை ஏம்மா அன்னைக்கே சொல்லல?"

"நீங்க அவ்ளோ சந்தோஷமா இருந்தீங்க சார்."

அவர் அச்சகத்துக்குப் போன் போட்டு அச்சை நிறுத்தச் சொன்னார். பேசி முடித்த பிறகும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.