சித்தப்பா மாட்டிய நாலு சக்கரம்

போன மாதம் என் மகன் தன் பிக்கப்புக்குக் கனமான சக்கரங்கள் மாட்டினான். ராயக்கோட்டையிலிருந்து தக்காளி ஏற்றிப் போகிற வண்டி. மறுநாளே, வேகம் எடுத்தால் ஸ்டீரிங் உதறுகிறது என்றான். கண் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியிருந்த என்னையும் ஏற்றிக்கொண்டு ஓசூரில் ஒரு கடையில் நிறுத்தினான். சக்கரத்தை ஒரு மெஷினில் மாட்டிச் சுழற்றினார்கள். எந்தப் பக்கம் கனம் குறைவு என்று அதுவே காட்டியது. அங்கே நகம் அளவு ஈயத் துண்டுகளை ஒட்டினார்கள். மகன் டீ குடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது. நான் வண்டியை விட்டு இறங்காமல் அந்த ஈயத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அஞ்சாவது வரை படித்தவள் நான். நாலு பேர் முன்னால் பேச இன்றைக்கும் எனக்கு வாய் வராது. அதனால் எழுதுகிறேன்.

அப்போது எனக்கு எட்டு வயது. கிருஷ்ணகிரியிலிருந்து பர்கூர் போகிற சாலையோரம் எங்கள் வீடு. அப்பாவிடம் ஒரு பழைய சரக்கு வண்டி இருந்தது. இப்போது பிக்கப் என்கிறோம். அன்றைக்கு அதைக் குட்டி லாரி என்போம். ஓசூர் பக்கம் தொழிற்சாலைகள் எழும்பத் தொடங்கிய காலம். கல்குவாரியிலிருந்து கல் ஏற்றும் வேலை அப்பாவுக்குக் கிடைத்தது. குவாரிப் பாதைக்கு இருக்கிற சக்கரம் தாங்காது என்று, பட்டாளத்து வண்டியில் ஓடின கனத்த சக்கரங்கள் நாலு வாங்கி வந்தார்.

அவற்றை மாட்டச் சித்தப்பா வந்தார். அப்பாவின் ஒரே தம்பி. அம்மாவும் அவரைத் தம்பி என்றுதான் கூப்பிடுவாள். பெங்களூரில் ஒரு டயர்க் கடையில் அஞ்சு வருஷம் வேலை கற்றவர். எங்கள் வீட்டு முன்னால் சொந்தமாக ஒரு கடை போட வேண்டும் என்பது அவர் ஆசை. “இந்த நாலு சக்கரமும் ஒழுங்கா ஓடட்டும்டா. ரோட்டோரம் உனக்குக் கொட்டாய் போட்டுத் தரேன்” என்று அப்பா சொல்லியிருந்தார். சித்தப்பா கடைக்கு எந்த வண்ணத்தில் போர்டு எழுதலாம் என்று என்னைக் கேட்டார். நான் வெட்கப்பட்டு அம்மா பின்னால் ஒளிந்துகொண்டேன்.

எங்கள் வீட்டில் இரண்டு சாவுகள் பேசப்படாமல் இருந்தன. அம்மாவின் அண்ணன் முந்தின வருஷம்தான் குவாரிச் சரிவில் லாரி உருண்டு செத்துப்போனார். அதே சரிவில்தான் அப்பா இனி வண்டி ஓட்டப்போகிறார். அப்பாவின் தங்கை சின்ன வயதில் காய்ச்சலில் கிடந்தபோது, டாக்டரிடம் காட்டாமல் தாயத்தும் தகடும் கட்டியே சாகவிட்டார்களாம். அன்றைக்குச் சாமியை விட்டவர் அப்பா. “தகடு, மந்திரம்னு இந்த வீட்டுக்குள்ள எதையாச்சும் கொண்டாந்தா, அன்னிக்கே உங்க அம்மா வீட்டுக்குக் கிளம்பிக்க” என்று அம்மாவிடம் சொல்லியிருந்தார். சொன்னால் செய்கிற மனிதர்.

சக்கரம் மாட்டின அன்று, முதல் டயருக்குள் ட்யூபை வைத்துவிட்டுச் சித்தப்பாவும் அப்பாவும் சாப்பிட உட்கார்ந்தார்கள். அம்மா பரிமாறிவிட்டு என்னை வெளியே கூட்டிப் போனாள். இடுப்பிலிருந்து ஒரு மஞ்சள் துணி முடிச்சை எடுத்தாள். உள்ளே உள்ளங்கை அகலத்தில் ஈயத் தகடு, கட்டம் கட்டமாகக் கீறியது. எங்கே போய் யாரிடம் மந்திரித்து வாங்கினாளோ, தெரியாது. ட்யூபைக் குத்திவிடாதபடி அதன் ஓரங்களைக் கல்லால் தட்டி மழுக்கியிருந்தாள். துணியோடு அதை டயருக்குள் ஆழமாகச் செருகினாள்.

“யாருகிட்டயும் சொல்லக்கூடாது. சொன்னா அம்மா இங்க இருக்க மாட்டேன். தெரியுதா பாப்பா?”

தலையாட்டினேன். சொல்லாமல் இருப்பது எனக்குச் சிரமமான காரியம் அல்ல.

மறுநாள் வண்டி உதறியது. மெதுவாகப் போகும்போது ஒன்றுமில்லை. கொஞ்சம் வேகம் பிடித்தால் ஸ்டீரிங் அப்பாவின் இரண்டு கையையும் சேர்த்து ஆட்டியது. குவாரி மேஸ்திரி கர்நாடகப் பக்கத்துக்காரர், வாய்த்துடுக்கானவர். “என்னா டிரைவரே, உனக்குத்தான் சாமி கெடையாது. வண்டிக்கு மட்டும் சாமி வருதே!” என்று கல் உடைக்கிறவர்கள் எல்லார் முன்னாலும் சிரித்தாராம். திங்கட்கிழமைக்குள் சரியாகாவிட்டால் கல்லை வேறு வண்டிக்குக் கொடுத்துவிடுவதாகவும் சொல்லி அனுப்பினார்.

அப்பா அந்தக் கோபத்தை எல்லாம் சித்தப்பா மேல் இறக்கினார். “அஞ்சு வருசமா டயர் மாட்டக் கத்துக்கிட்டியா, இல்ல மொதலாளிக்கு டீ வாங்கிக் குடுத்துட்டு வந்தியா?”

சித்தப்பா நட்டுகளை எல்லாம் தளர்த்தி, எதிரும் புதிருமாக மறுபடி முறுக்கினார். ரிம்மில் ஒட்டியிருந்த மண்ணைச் சுரண்டினார். உதறல் நிற்கவில்லை. ஒரு முன் சக்கரத்தைப் பின்னால் மாற்றிப் போட்டுப் பார்த்தார். “இப்ப கையில ஆட்டம் இல்ல. சீட்டு வழியா இடுப்புல ஆடுது” என்றார் அப்பா. சித்தப்பாவின் முகம் அப்போதுதான் கொஞ்சம் தெளிந்தது. “அப்ப அந்தச் சக்கரத்துலதாண்ணா இருக்குது கோளாறு” என்றார்.

அம்மா இதையெல்லாம் சமையல்கட்டு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த மூன்று நாளும் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனால் வண்டி ஆடுகிறது என்று கேட்டும், தகடு இருக்கிற தைரியத்தில்தான் அவள் அப்பாவைப் போகவே விட்டாள் என்று நினைக்கிறேன். ஆட்டமே தகட்டால்தான் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வழியில்லை. எனக்கும் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அந்தச் சக்கரத்தைத் திரும்ப முன்னால் மாட்டி, ஜாக்கி வைத்துத் தூக்கினார் சித்தப்பா. கையால் சுற்றிவிட்டு, தானாக நிற்கும்வரை காத்திருந்தார். நின்றதும் அடிப்பக்கம் ஒரு சாக்பீஸ் கோடு போட்டார். “நீ சுத்து பாப்பா” என்றார். சுற்றினேன். சக்கரம் சுற்றி, தயங்கி, கொஞ்சம் பின்னால் வந்து, கோடு அடியில் இருக்கும்படி நின்றது. பத்துத் தடவை சுற்றினேன். பத்துத் தடவையும் கோடு அடியில்தான். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது.

“இங்க என்னமோ கனம் இருக்குது” என்று சொல்லிக்கொண்டே சக்கரத்தைக் கழற்றிக் கீழே போட்டார். அப்பா அந்தப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சித்தப்பா காற்றை இறக்கி, இரும்புப் பட்டையால் டயரை நெம்பி, ட்யூபை உருவி, உள்ளே கையை விட்டுத் தடவிக்கொண்டே வந்தார். கோடு போட்ட இடத்தில் கை நின்றது.

மஞ்சள் துணி நசுங்கிக் கறுத்திருந்தது. பிரித்துப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கிச் சமையல்கட்டு வாசலைப் பார்த்தார். அம்மா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் தகட்டைத் துணியில் சுற்றி இடுப்பில் செருகி, சட்டையை இழுத்து மூடினார்.

“அண்ணா” என்றார் உரக்க. “ட்யூப் உள்ள மடிஞ்சிருந்துச்சு. நான்தான் பாக்காம மாட்டிட்டேன்.”

அப்பா பேப்பரை வைத்துவிட்டு வந்தார். “பாக்காம மாட்டினியா? இவ மாமன் உருண்ட சரிவுடா அது! என் உசுரு போயிருந்தா இந்தப் புள்ளைக்கு நீ சோறு போடுவியா?”

“தப்புதாண்ணா.”

“அடுத்தவன் வண்டியில இப்படி மாட்டிக் குடுத்தீன்னா கொலைடா அது!”

“தப்புதாண்ணா” என்று மறுபடியும் சொன்னார் சித்தப்பா. அம்மா ஓரடி முன்னால் வைத்தாள். சித்தப்பா அவள் பக்கம் திரும்பாமலே, “அண்ணி, குடிக்கத் தண்ணி கொண்டாங்க” என்றார். அம்மா உள்ளே போனாள்.

சக்கரத்தை மறுபடி மாட்டி அப்பா கிருஷ்ணகிரி வரை ஓட்டிவிட்டு வந்தார். வண்டி கொஞ்சமும் ஆடவில்லை. இறங்கினவர், “கொட்டாய்ப் பேச்சை இனிமே எங்கிட்ட எடுக்காத. டயர்ல கை வைக்கவும் வேணாம்” என்றார். திங்கட்கிழமை காலை அப்பா கல் ஏற்றப் போனார். சித்தப்பா பையைத் தூக்கிக்கொண்டு ஓசூர் பஸ் ஏறினார். அங்கே ஒரு தொழிற்சாலைக் கட்டிடத்தில் மண் சுமக்கிறார் என்று பிறகு கேள்விப்பட்டோம்.

பஸ் போன பிறகுதான் எனக்குத் தகட்டின் ஞாபகம் வந்தது. அம்மா அம்மியில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள். அவள் காதருகே போய், முக்கியமான செய்தியைச் சொல்கிற பெருமையோடு சொன்னேன்: “அம்மா, உன் தகட்டைச் சித்தப்பா குடுக்கவே இல்ல. இடுப்புல வெச்சுக்கிட்டே போயிட்டாரு. திருடன்!”

அம்மா என்னை அடித்தாள். அதுவரை அவள் என்னை அடித்ததே இல்லை. மிளகாய்க் கை. கன்னம் நெருப்பாக எரிந்தது. அடித்த கையாலேயே என்னை இழுத்து மடியில் அமுக்கிக்கொண்டு, உடம்பெல்லாம் குலுங்க அழுதாள். “தம்பி, தம்பி” என்று ஏதோ முனகினாள்.

என்னை அடித்துவிட்டதற்காகத்தான் அழுகிறாள் என்று நினைத்தேன். எரிச்சலைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு, “வலிக்கலம்மா, அழுவாத” என்று சொன்னேன்.